மூன்றாம் இடத்துக்கான ஏற்பாடுகள்

எங்கள் செயின்ட் ஒனரே தீவின் தடகளச் சங்கத்துக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்பவர்கள் அநியாயக்காரர்கள். ஓட்டத்தைத் தவிர அதற்கு எல்லாமே தெரியும். மேடை போடத் தெரியும், ஜெபத்தோடு கூட்டத்தைத் தொடங்கத் தெரியும், மேடையில் இருப்பவர்களின் பெயரையெல்லாம் பதவி வாரியாக ஒன்று விடாமல் சொல்லி முடித்துவிட்டு, பேச்சுக்கு நேரமில்லை என்று உட்காரத் தெரியும். ஓட்டம் என்பது இந்த நல்ல காரியங்களுக்கு நடுவே புகுந்து சில நொடிகள் தொந்தரவு செய்துவிட்டுப் போகிற சமாசாரம். அதையும் சங்கம் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டுதான் வந்தது.

வெர்லீன் பொலிடோருக்கு இது தெரியாது. இருபத்திரண்டு வயது. நின்ற இடத்தில் நிற்கத் தெரியாத பெண். தேவாலயத்தில் பிரசங்கம் நீண்டால் பெஞ்சுக்கு அடியில் அவள் கால்கள் தனியாக ஆடிக்கொண்டிருக்கும். இருநூறு மீட்டர் ஓட்டத்தில் உலகப் போட்டிக்குத் தகுதி பெற்றுத் திரும்பிய மறுநாள் காலை, அவள் நேராகச் சங்க அலுவலகத்துக்குப் போனாள். தீவில் இருந்தது ஒரே புல் மைதானம். அதிலும் பாதி நாள் கிரிக்கெட்டுக்காரர்கள், மீதி நாள் ஆடுகள். போட்டிக்கு முன் ஒரு மாதமாவது வெளித்தீவு எதிலாவது ஒழுங்கான ஓடுதளத்தில் பயிற்சி வேண்டும். அதைக் கேட்கத்தான் போனாள்.

"சார், எனக்கு ஒரு..." என்று ஆரம்பித்தாள்.

"குட் மார்னிங்," என்றார் சங்கத் தலைவர் கத்பர்ட் லபாடி.

"குட் மார்னிங் சார். எனக்கு ஒரு..."

"அறைல எல்லாரும் இருக்காங்கம்மா. எல்லாருக்கும் சொல்லணும். உலகப் போட்டிக்குப் போற பொண்ணு, வணக்கம் சொல்லத் தெரியலைன்னா ஊர் என்ன பேசும்?"

எல்லோருக்கும் சொன்னாள். ஒருவர் கழிப்பறையில் இருந்தார். அவர் வரும்வரை காத்திருந்து அவருக்கும் சொன்னாள். அதற்குள் அவள் குதிகால் தரையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டது.

லபாடி, தலைநகரின் ஒரே சவ அடக்க நிலையத்துக்குச் சொந்தக்காரர். கறுப்புக் கோட்டு, கறுப்புக் காலணி, தாழ்ந்த குரல். அவருடைய வண்டிகள் எதுவும் வாழ்நாளில் இரண்டாவது கியரைத் தாண்டியதில்லை. அவர் வாடிக்கையாளர்கள் யாரும் அவசரப்படுத்தியதும் இல்லை. ஊர்வலம் நடத்த இவரைவிடத் தகுந்தவர் தீவில் கிடையாது என்பதால்தான் சங்கம் அவரைத் தலைவராக்கியது.

வெர்லீன் விஷயத்தைச் சொன்னாள். 

"இது எந்தக் குழுவுக்குக் கீழே வருது?" என்றார் லபாடி.

பக்கத்தில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊர்வலக் குழு இருந்தது. மேடைக் குழு, கேக் குழு, ஜெபக் குழு, கொடி அசைக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கான குழு, அந்தப் பிள்ளைகளுக்குக் குளிர்பானம் கொடுக்கும் குழு. ஓட்டத்துக்கு மட்டும் குழு இல்லை.

"ஓடறது நீ ஒருத்தி. ஒரு ஆளை வெச்சு எப்படிக் குழு போடறது?" என்றார் அவர், நியாயமாக. "உன் வேலையை நீ பாரும்மா. எங்க வேலை எவ்வளவு தூரம் வந்திருக்குன்னு வந்து பாரு."

ஜன்னல் பக்கம் அழைத்துப் போனார். துறைமுகச் சாலை பிரியும் இடத்தில் புதிதாக ஒரு ரவுண்டானா எழும்பிக்கொண்டிருந்தது. நடுவில் மூன்று படிகள் கொண்ட சிமெண்ட் மேடை. மூன்றாம் இடத்துக்கான படியில் மட்டும் வண்ணம் பூசியிருந்தது.

"வெர்லீன் பொலிடோர் ரவுண்டானா," என்றார் லபாடி. "வெண்கலப் பதக்கம் வாங்கினவங்களுக்கு ரவுண்டானாதான் வழக்கம்."

"நான் இன்னும் ஓடவே இல்லையே சார்."

"அதான் நிம்மதியா கட்ட முடியுது."

பிறகு அவளை உட்காரச் சொல்லி விளக்கினார். இருபது வருஷத்துக்கு முன் ஒருவன் பதக்கம் வாங்கப் போகிறான் என்று நம்பி எல்லா ஏற்பாடும் செய்தார்களாம். பாவி நான்காவதாக வந்துவிட்டான். ரம்மில் ஊறிய கருப்புக் கேக்கைச் சங்கத்தார் ஒரு வருஷம் வெட்டி வெட்டித் தின்று தீர்க்க வேண்டியிருந்தது. அந்த அவமானம் இன்னொரு தடவை வரக்கூடாது. அதனால் இந்தத் தடவை இடத்தை முதலிலேயே தீர்மானித்துவிட்டார்கள்.

"தங்கம் வாங்கினா உனக்கு அரை ஏக்கர் நிலம், தபால்தலை, நாட்டுக்கே ஒரு நாள் விடுமுறை. அதுக்கெல்லாம் அமைச்சரவை கூடணும். அவங்க கூடினா தேர்தலைப் பத்திப் பேசுவாங்களே ஒழிய உன்னைப் பத்தியா பேசுவாங்க? வெள்ளின்னா கார். உனக்குக் குடுத்தா சங்கத்துல எல்லாரும் கேட்பாங்க, யாருக்கு எந்தக் காருன்னு கிளம்பினா சங்கம் உடைஞ்சிடும். வெண்கலம் பாரு, முழுக்க எங்க அதிகாரத்துக்கு உட்பட்டது. ரவுண்டானா, கேக், ஒரு பாட்டு. எல்லாம் தயார். நம்மது சின்னத் தீவும்மா. மூணாவது இடம் நமக்கு மரியாதையா இருக்கும்."

"நான் வேகமா ஓடிட்டா?"

அவர் அவள் கையை மெதுவாகத் தட்டிக் கொடுத்தார். துக்க வீட்டில் தட்டுவதுபோல. "அப்படியெல்லாம் நினைச்சு மனசைப் போட்டு அலட்டிக்காதே," என்றார்.

வெர்லீன் இதைத் தன் பயிற்சியாளரிடம் சொன்னபோது அந்தப் பயிற்சியாளர் வாயிலிருந்து வந்ததை இங்கே எழுத முடியாது. பயிற்சியாளர் இக்னேஷியா, அரசுப் பள்ளியில் உடற்கல்வி டீச்சர். கழுத்தில் விசிலும் நாக்கில் மிளகாயுமாகத் திரிகிறவள்.

"மூணாவதா வரச் சொன்னானா, அந்தப் பொணவண்டிக்காரன்? எத்தனாவதா வரணும்னு பார்த்துப் பார்த்து ஓடறதுக்கு நீ என்ன பஸ்ஸா, ஒவ்வொரு ஸ்டாப்பா நின்னு போக? போ, வளைவை இன்னொரு தடவை எடு. அந்த ஆட்டைத் தாண்டிக் குதிக்காதே, சுத்தி ஓடு. அதுக்குப் பேர்தான் வளைவு."

ஓடினாள். ஓடும்போது மட்டும்தான் அவளுக்கு நிம்மதி. நின்றால் மனசு நமநமவென்று அரிக்கும். ஆனால் அடுத்த வாரத்திலிருந்து சங்கம் அவளை ஓடவிடவே இல்லை. கையசைக்கக் கற்றுக்கொள்ள வரச்சொல்லிவிட்டார்கள்.

கற்றுக்கொடுத்தவர் திருமதி பிராஸ்பர். ஆளுநர் மாளிகையில் விருந்தினர் மரியாதையைக் கவனித்து ஓய்வு பெற்றவர். தலைமுடிகூட அனுமதி கேட்டுத்தான் அசையும்.

"முழங்கை, முழங்கை, மணிக்கட்டு, மணிக்கட்டு," என்று சொல்லிக் கொடுத்தார். "ஐயோ, இவ்வளவு வேகமா அசைக்காதே! பஸ்ஸை நிறுத்தற மாதிரி இருக்கு. பணிவா இருக்கணும். ரெண்டு பேர் நம்மைவிட நல்லா ஓடினாங்கன்னு அந்தக் கையிலே தெரியணும்."

"அது எப்படி மேடம் கையிலே தெரியும்?"

"பழகப் பழகத் தெரியும்."

காலை முழுவதும் கையசைப்பு. மதியம், மூன்றாவது படியில் ஏறி நிற்கும் பழக்கம். ஒருநாள் வெர்லீன் ஞாபகப் பிசகாக முதல் படியில் ஏறிவிட, திருமதி பிராஸ்பர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலி கேட்டார். சாயந்திரம் மைதானத்துக்குப் போனால் இருட்டிவிடும். இக்னேஷியா கார் விளக்கைப் போட்டுக்கொண்டு காத்திருந்து, சங்கத்தார் ஒவ்வொருவரின் அப்பன் பாட்டனையும் அழைத்துத் திட்டிவிட்டு, அப்புறம் விசில் ஊதுவாள்.

அடுத்தது ஒத்திகை ஊர்வலம். ஊர்வலம் நிஜமாக நடக்கும் நாளில் குளறுபடி வந்துவிடக் கூடாது என்று, போட்டிக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை நடத்தினார்கள். முன்னால் லபாடியின் சவ ஊர்திகள், கண்ணாடி துடைத்து, பூ வைத்து. நடுவில் ஒலிபெருக்கி கட்டிய லாரி. அதன்மேல் வெர்லீன், கழுத்தில் பித்தளைத் தட்டைத் தட்டிச் செய்த ஒரு பதக்கம். பின்னால் மினிபஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு. கலிப்சோ பாடகர் ஒருவர், மூன்றாவதாக வந்தவளின் அடக்கத்தைப் பற்றி ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடினார். பாட்டு நன்றாகத்தான் இருந்தது. ஊர் முழுக்க ஆடியது.

இதில் கொடுமை என்னவென்றால், கூட்டத்தில் எல்லோரையும்விட அதிகம் ஆடியது வெர்லீனின் அம்மா தியோடோஷியா. பஸ் நிலையத்துக்கு எதிரே 'பேக்' என்கிற பொரித்த ரொட்டியும் உப்பு மீனும் விற்பவள். தனியாக நின்று பிள்ளையை வளர்த்தவள். தன்னை ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை என்ற மனக்குறை அவளுக்கு எப்போதும் உண்டு. இந்த ஊர்வலத்துக்கென்றே மஞ்சள் தொப்பி ஒன்று வாங்கியிருந்தாள், இறகு வைத்தது.

"வெர்லி! இந்தப் பக்கம் அசை டீ! மிஸஸ் ஃபெலிசியன் பார்க்கறா பாரு, அவ பக்கம் ரெண்டு தடவை அசை!"

லாரி நகர்ந்ததா என்று சந்தேகப்படும் வேகத்தில் போனது. தலைக்கு மேல் வெயில். வெர்லீனின் தொடை நரம்புகள் ஒவ்வொன்றாக எழுந்து புகார் சொல்லின. கடற்கரைச் சாலைத் திருப்பத்தில் ஒரு நாய் லாரியை முந்திக்கொண்டு போனது. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை. காலணியைக் கழற்றி வீசிவிட்டு லாரியிலிருந்து குதித்தாள். சவ ஊர்திகளைத் தாண்டி, பூச்செண்டோடு நின்ற பிள்ளைகளைத் தாண்டி, பித்தளைப் பதக்கம் நெஞ்சில் டணார் டணார் என்று அடிக்க, ஒரே ஓட்டமாக ரவுண்டானா மேடைக்குப் போய்ச் சேர்ந்தாள். அப்புறம் ஊர்வலம் வருவதற்காக ஒரு மணி நேரம் அங்கே காத்திருந்தாள்.

ஊர்வலத்தை முந்தியது எங்கள் தீவின் வரலாற்றில் முதல் தடவை. சங்கம் அவசரமாகக் கூடியது.

"இவளுக்குள்ள ஒரு வேகம் இருக்கு," என்றார் லபாடி, டாக்டர் நோயின் பெயரைச் சொல்வதுபோல. "நான் விளையாட்டுக்கு விரோதி இல்ல. முப்பது வருஷமா சங்கத்துல இருக்கேன், ஒரு பந்தயம்கூடப் பார்த்ததில்ல, அவ்வளவு வேலை. ஆனா ஒண்ணு சொல்றேன். வீரர்கள் வருவாங்க, போவாங்க. சங்கம்தான் நிலையா இருக்கும். நிலையா இருக்கறதுக்கு முக்கியமானது என்ன? அசையாம இருக்கறது."

எல்லோரும் கைதட்டினார்கள். தண்டனையாக, வெளிநாட்டுக்குப் போகும் குழுவிலிருந்து பயிற்சியாளரை நீக்கினார்கள். அவள்தான் இந்தப் பெண்ணுக்கு வேகத்தைப் பழக்கியவள் என்று விசாரணையில் தெரிந்துவிட்டது. காலியான இடத்தில் கேக் குழுவின் தலைவரைச் சேர்த்தார்கள். மூன்றாம் இடம் எப்படி இருக்கும் என்று நேரில் பார்த்தால்தானே கேக்கில் செய்ய முடியும்.

போட்டி நடந்த ஊரில் எங்கள் நாட்டுக் கொடியின் பின்னால் கோட்டும் தொப்பியுமாக ஒரு பெரிய கூட்டமே நடந்தது. கடைசியில் ஓட்டக்காரி ஒருத்தி. முதல் சுற்றில் அவள் வென்றபோது சங்கத்தார் புன்னகைத்தார்கள். அரையிறுதியிலும் வென்றபோது புன்னகை போய்விட்டது. இறுதிப் போட்டி அன்று காலை, விடுதியின் சாப்பாட்டு அறையில் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"நேத்து ஓடினதை நானும் பார்த்தேன்," என்றார் லபாடி. "நீ கடைசியிலே கொஞ்சம் கவனக்குறைவா இருந்துட்டே. முன்னாலே யாரும் இல்லைன்னு தெரிஞ்சும் ஓடிக்கிட்டே இருந்தே."

"நான் எத்தனாவதா வருவேன்னு எனக்கு எப்படி சார் தெரியும்?"

"ஏன் தெரியாது? எங்களுக்குத் தெரிஞ்சிருக்கே."

திருமதி பிராஸ்பர் தாழ்ந்த குரலில் சொன்னார்: "ரெண்டு பேரை முன்னால விடறது ஒரு நாகரிகம்மா. கதவைத் திறந்து விடற மாதிரி."

அவள் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தாள். அறைக்குப் போனதும் அம்மா ஃபோன் செய்தாள்.

"வெர்லி, இங்கே எல்லாம் தயார் டீ. ரவுண்டானா சிமெண்ட் காஞ்சிடுச்சு. விமான நிலையத்துக்கு லாரி வருதாம், என்னையும் மேலே ஏத்தறேன்னு சொல்லியிருக்காங்க. உன் பக்கத்துல. மூணாவதுன்னா மூணாவது வந்துட்டுப் போயேன், என்ன கெட்டுப் போச்சு? உலகத்துல மூணாவது என்ன சும்மாவா?"

 சங்கம் சொன்னபோது வெர்லீனுக்குச் சிரிப்பு வந்தது. அம்மா சொல்லும்போது சிரிக்க முடியவில்லை. அம்மா எதையும் ஆசைப்பட்டுக் கேட்டு அவள் பார்த்ததில்லை. "சரி மம்மி," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். எதற்குச் சரி என்று அவளுக்கே தெரியவில்லை. அறைக்குள் மேலும் கீழும் நடந்தாள். கட்டிலைச் சுற்றி நடந்தாள். பிறகு இக்னேஷியாவை அழைத்தாள்.

"வளைவுல இடது தோளைத் தாழ்த்து," என்றாள் இக்னேஷியா. வேறு ஒன்றுமே சொல்லவில்லை. திட்டக்கூட இல்லை. வைக்கும்முன் மூக்கை உறிஞ்சிய சத்தம் மட்டும் கேட்டது.

துப்பாக்கி வெடித்தது. வளைவில் இடது தோளைத் தாழ்த்தினாள். நேர்பாதைக்கு வந்தபோது அவளுக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். அதாவது அவள் மூன்றாவதாக இருந்தாள். ரவுண்டானா, கேக், பாட்டு, மஞ்சள் தொப்பி எல்லாம் அந்த இடத்தில் அவளுக்காகக் காத்திருந்தன. அப்படியே ஓடி முடித்தால் போதும். பார்வையாளர் வரிசையில் லபாடி எழுந்து நின்று, இரண்டு கைகளாலும் காற்றை மெதுவாக அமுக்கிக் காட்டினார். பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது ஆட்களுக்குக் காட்டுகிற அதே சைகை.

கால்கள் கேட்கவில்லை. அவள் சொல்லிப் பார்த்தாளா என்பதும் சந்தேகம். எத்தனை வாரமாக லாரியிலும் படியிலும் நிறுத்தி வைத்திருந்த கால்கள் அவை. ஒருத்தியைத் தாண்டினாள். அடுத்தவளின் மூச்சு காதுக்குப் பக்கத்தில் கேட்டது, பிறகு பின்னால் கேட்டது. கோட்டைத் தாண்டியும் ஓடிக்கொண்டே இருந்தாள். யாரோ ஓடிவந்து பிடித்து நிறுத்தி, நீதான் முதலில் வந்தாய் என்று சொல்ல வேண்டியிருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

பார்வையாளர் வரிசையில் எங்கள் தீவின் பிரதிநிதிகளும் அழுதார்கள். கேக் குழுத் தலைவர் தேறுவதற்கு இரண்டு நாள் ஆயிற்று.

சங்கம் அறிக்கை விட்டது. எதிர்பாராத காரணங்களால் நமது வீராங்கனை அங்கீகரிக்கப்பட்ட இடத்தைத் தாண்டி வந்துவிட்டதாகவும், பொதுமக்கள் அமைதி காக்க வேண்டும் என்றும், திட்டமிட்டபடி வெண்கல வரவேற்பு நடைபெறும் என்றும் அதில் கண்டிருந்தது. மக்கள் தொலைக்காட்சியில் அவளைப் பார்த்திருந்தார்கள். இருந்தாலும் விடுமுறை கிடைக்காது என்று தெரிந்ததால், கிடைக்கிற ஊர்வலத்தை விடுவானேன் என்று விமான நிலையத்துக்கு வந்துவிட்டார்கள்.

விமானம் இறங்கியது. சுங்கச் சாவடியில் ஃபோன்டனெல் என்ற அதிகாரி பதக்கத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். நல்ல மனிதர், சட்டம் தவிர வேறெதுவும் தெரியாதவர்.

"சங்கம் வரிவிலக்கு வாங்கியிருக்கிறது வெண்கலப் பதக்கத்துக்கு. இது தங்கம். தங்கத்தைக் கொண்டுவர அமைச்சரவை அனுமதி வேணும்."

"அமைச்சரவை எப்போ கூடும்?" என்று கேட்டாள் வெர்லீன்.

"தேர்தல் முடிஞ்சு."

லபாடி முன்னால் வந்தார். வெளியே பாட்டு கேட்டது. லாரி உறுமிக்கொண்டிருந்தது. "ஃபோன்டனெல், இதைப் போய்ப் பெருசு பண்ணாதே. வெண்கலம்னு வெச்சுக்கோ."

"எனக்கு ஆட்சேபணை இல்ல சார். பொருள் யாருடையதோ அவங்க வாயால ஒரு வார்த்தை, வெண்கலம்னு சொல்லட்டும். விட்டுடறேன்."

"அவ்வளவுதானே! சொல்லிடும்மா. ஒரே வார்த்தை. பதக்கமும் உன் கையிலே, ஊர்வலமும் கிளம்பிடும். வீட்டுக்குப் போய் என்ன நிறம்னு வேணாலும் சொல்லிக்கோ, யார் கேட்கப் போறா?"

வெர்லீன் மேசைமேல் கிடந்த பதக்கத்தைப் பார்த்தாள். "தங்கம்," என்றாள். சுவரோரம் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

"இப்போ உட்கார நேரமா இது? ஊரே வெயில்ல நிக்குது!"

"நான் இருக்கேன் சார். தேர்தல் முடியட்டும்."

கெஞ்சினார்கள், மிரட்டினார்கள். திருமதி பிராஸ்பர் மணிக்கட்டைப் பற்றி ஏதோ சொல்ல வந்து பாதியில் நிறுத்திக்கொண்டார். வெர்லீன் அசையவில்லை. லபாடிதான் மேலும் கீழும் நடந்தார். அவர் அவ்வளவு வேகமாக நடந்து யாரும் பார்த்ததில்லை. கடைசியில் வெளியே ஆளனுப்பி அம்மாவைக் கூட்டிவரச் சொன்னார்.

தியோடோஷியா உள்ளே வந்தாள். புது உடுப்பு, மஞ்சள் தொப்பி, வெயிலில் நின்று முகமெல்லாம் வேர்வை. லபாடி எல்லாவற்றையும் மளமளவென்று சொல்லி முடித்தார். "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்களுக்கு லாரி மேலே இடம் போட்டு வெச்சிருக்கு. நாற்காலியே போட்டிருக்கு."

வெர்லீன் அம்மாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் சொல்லிவிடுவோமோ என்று பயமாக இருந்தது.

தியோடோஷியா மேசைக்குப் போய், பதக்கத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு மகளிடம் கேட்டாள்.

"மூணாவதா வந்தது யாருடீ?"

"பஹாமாஸ் பொண்ணு மம்மி."

"அவளுக்கு அம்மா இருக்காளா?"

"இருக்காங்க. அங்கேயே வந்திருந்தாங்க. கட்டிப் பிடிச்சு அழுதாங்க."

தியோடோஷியா லபாடி பக்கம் திரும்பினாள். "அப்போ வெண்கலம் அந்தப் பொம்பளையோடது சார். நான் எப்படி எடுத்துக்க முடியும்?"

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வதற்கு வசதியாகக் கையில் எடுத்தாள். "நகரு டீ," என்றாள்.

வெர்லீன் நகர்ந்தாள். சின்னப் பெஞ்சு அது. இரண்டு பேர் உட்கார்ந்ததும் நிறைந்துவிட்டது. லபாடி நின்றுகொண்டிருந்தார்.